மின்னோட்டமும் மின்னழுத்தமும்

காவிரிப் பாசனத்தால் வாழும் தஞ்சை நாட்டு மக்கள் செய்தித்தாளைக் கையில் எடுத்ததும் தவறாது நோக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அது மேட்டூர் அணையின் நிலையை உரைப்பது. அக்குறிப்பில் இருவகை எண்கள் காணப்படும். 'நீர்மட்டம் இத்தனை அடி' என்பது ஒன்று. 'வெளியேறும் நீர் வினாடிக்கு இத்தனை கன அடி' என்பது மற்றொன்று. அணையின் முழுக் கொள்ளளவிற்குரிய மட்டம் 120 அடி. ஆண்டுதோறும் ஜூன் 12 ஆம் நாள் பாசனத்திற்காக அணையைத் திறத்தல் மரபு. நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. அந்நாள் நெருங்க நெருங்க, உழவர் இவ்விரு எண்களையும் கூர்ந்து நோக்குவர்.

மாணவர்களே, அவ்வெண்கள் இரண்டும் ஒரே நீரைப் பற்றியன. ஆயினும் அவை கூறும் பொருள்கள் வெவ்வேறு. அடிக்கணக்கு, நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதைக் கூறும். கன அடிக்கணக்கு, ஒரு வினாடியில் எவ்வளவு நீர் ஓடிச் செல்கின்றது என்பதைக் கூறும். மதகுகள் அனைத்தும் அடைக்கப்பட்டிருக்குங்கால், மட்டம் 120 அடியாக இருப்பினும் வெளியேறும் நீர் ஒன்றுமில்லை. நிற்கும் உயரம் வேறு, ஓடும் அளவு வேறு என்பதை எழுத்தறியாத உழவரும் நன்கு உணர்வர். 'மட்டம் நிறைந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் இன்னும் விடவில்லை' என்று அவர் கூறும் ஒரு தொடரிலேயே இவ்வேறுபாடு முழுவதும் அடங்கிவிடுகின்றது.

நீரைப் பற்றி இத்துணைத் தெளிவாகப் பேசும் நாம், மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் தடுமாறுகின்றோம். அடிக்கணக்கிற்கு நிகரானது மின்னழுத்தம்; கன அடிக்கணக்கிற்கு நிகரானது மின்னோட்டம். இவ்விரண்டையும் 'கரண்டு' என்னும் ஒரே சொல்லால் வழங்கிவிடுகின்றோம். இவ்வழக்கு பேச்சளவில் தீங்கற்றதுபோலத் தோன்றினும், சில வேளைகளில் பொருட்கேட்டையும் உயிர்க்கேட்டையும் விளைக்கவல்லது. ஆதலின் இவ்விரு சொற்களின் பொருளையும் நாம் பிரித்தறிதல் வேண்டும்.

'மின்' என்பது ஒளிவிடுதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மின்னல், மின்மினி முதலிய சொற்கள் அதனடியாகப் பிறந்தவை. அச்சொல்லோடு 'ஓட்டம்' என்பது சேர்ந்து மின்னோட்டம் என்றும், 'அழுத்தம்' என்பது சேர்ந்து மின்னழுத்தம் என்றும் ஆயின. தனிக்குறிலை அடுத்து நின்ற னகர மெய், உயிர் வந்தமையால் இரண்டு சொற்களிலும் இரட்டித்தது. புணர்ச்சி ஒன்றே எனினும் பொருள் ஒன்றன்று. ஓட்டம் என்பது ஓடுதலாகிய தொழிலின் பெயர். ஏதேனும் ஒன்று ஓடினாலன்றி அது நிகழாது. அழுத்தம் என்பது ஓடச் செய்வதற்குக் காரணமாய் நிற்பது. ஓட்டம் நிகழாதபோதும் அது நிற்கக்கூடும்.

அறிவியலார் கூறும் இலக்கணத்தையும் அறிந்துகொள்வோம். கம்பியின் ஓரிடத்தைக் கடந்து ஒரு வினாடியில் செல்லும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம் எனப்படும். அதனை அளக்கும் அலகு ஆம்பியர். ஓரலகு மின்னூட்டம் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லுங்கால் எவ்வளவு வேலை செய்யக்கூடும் என்பதைக் குறிப்பது அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம். பாடநூல்கள் இதனை மின்னழுத்த வேறுபாடு என்றும் வழங்கும். இதன் அலகு வோல்ட். 1800 ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்த இத்தாலிய நாட்டு வோல்ட்டாவின் பெயரும், மின்னோட்டத்திற்கும் காந்த விசைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பிரெஞ்சு நாட்டு ஆம்பியரின் பெயரும் இவ்வலகுகளில் நிலைபெற்றுள்ளன.

மட்டம் உயர்ந்திருந்தாலும், மதகின் திறப்புச் சிறிதாயின் நீர் சிறிதே ஓடும். திறப்புப் பெரிதாயின் மிகுதியாக ஓடும். அதுபோலவே மின்சாரத்தின் போக்கிற்கும் ஒரு தடை உண்டு. அதனை மின்தடை என்பர். அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும். இவ்விதியை 1827 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஓம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அந்த 230 வோல்ட்டிலேயே 60 வாட் இழை விளக்கொன்று ஏறக்குறைய கால் ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கின்றது. 1,500 வாட் மின் அடுப்போ ஆறு ஆம்பியருக்கும் மேல் ஏற்கின்றது. வாய்க்காலின் மட்டம் ஒன்றே. மதகுகளின் திறப்பே வேறு.

இனி, சுவர்ப் பலகையில் உள்ள துளைப்பொருத்தி ஒன்றனை எண்ணிப் பாருங்கள். அதில் எக்கருவியும் செருகப்படவில்லை. அதனுள் மின்னோட்டம் உண்டா? இல்லை. மின்னழுத்தம் உண்டா? உண்டு, 230 வோல்ட் முழுவதும் அங்கே காத்து நிற்கின்றது. அஃது அடைத்த மதகின் பின்னே நிற்கும் நீரைப் போன்றது. விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, ஆதலால் 'கரண்டு இல்லை' என்று எண்ணிக் கம்பியைத் தொடுபவன், தன் உடலையே மதகின் திறப்பாக ஆக்கிக்கொள்கின்றான். அதுவரை இல்லாத ஓட்டம் அவன் தொட்ட கணத்திலேயே பிறக்கின்றது. 'ஓட்டம் இல்லை' என்பதும் 'அழுத்தம் இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே மிகும் அல்லது ஒருங்கே குறையும் என்று கருதுதலும் பிழை. உலர்ந்த தலைமயிரைச் சீப்பினால் வாருங்கால் சிறுபொறி தோன்றுதல் உண்டு. அப்பொறி எழுவதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். ஆயினும் அங்கே திரண்டுள்ள மின்னூட்டம் மிகச் சிறிது, நொடிப்பொழுதில் அது தீர்ந்துவிடுகின்றது, நமக்குத் தீங்கில்லை. இதற்கு மாறாக, வயலில் உழும் டிராக்டரின் மின்கலத்தை நோக்குங்கள். அதன் மின்னழுத்தம் 12 வோல்ட்டே. ஆனால் பொறியைக் கிளப்புங்கால் அம்மின்கலத்திலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்வதுண்டு. முன்னது உயரம் மிகுந்து நீர் குறைந்த மலையருவித் துளி. பின்னது உயரம் குறைந்து நீர் மிகுந்த சமவெளி ஆறு.

அருவி என்றும் ஆறு என்றும் கூறியது உவமைக்காக மட்டும் அன்று. தமிழ்நாட்டு நீர்மின் நிலையங்களின் வரலாற்றிலேயே இவ்வுண்மை விளங்குகின்றது. நீரிலிருந்து எடுக்கக்கூடிய திறன், ஓடும் நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பெருக்கி வருவது. நீலகிரியில் 1932 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பைகாரா மின்நிலையத்தில் நீரின் அளவு பெரிதன்று. ஆனால் அது 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறங்குகின்றது. ஆதலால் மிகுந்த திறன் கிடைத்தது. கல்லணையிலோ காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிந்து பெருகி ஓடுகின்றது. எனினும் அங்கிருந்து கடல் வரை நிலம் மிகச் சிறிதே சரிகின்றது. அச்சரிவின்மையே வண்டலைப் படியச் செய்து தஞ்சையை நெற்களஞ்சியம் ஆக்கிற்று. அதுவே இங்கே பெரிய நீர்மின் நிலையம் அமையாமைக்கும் காரணமாயிற்று. ஓட்டம் உண்டு, உயரம் இல்லை.

மின்சாரத்திலும் கணக்கு இதுவே. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் என்னும் மின்திறன். இப்பெருக்கற்கணக்கை அறிந்தமையால்தான் காவிரியின் ஆற்றல் நெடுந்தொலைவு செல்ல முடிந்தது. 1902 ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுச் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் ஆக்கப்பட்டு, ஏறக்குறைய 147 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பிவழியே அனுப்பப்பட்டது. அக்காலத்தில் அஃது அரிய செயலாகக் கருதப்பட்டது. பின்னர், 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, 1937 இல் அதன் அடியில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. வயலுக்குச் செல்லும் நீரே வழியில் மின்சாரத்தையும் தந்துவிட்டுச் செல்கின்றது.

நெடுந்தொலைவிற்கு மின்சாரத்தை அனுப்புவோர் மின்னழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்புவர். அஃது ஏன்? கம்பி வழியே மின்னோட்டம் செல்லுங்கால் கம்பி சூடேறுகின்றது. அச்சூடு வீண் இழப்பு. அவ்விழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. 22,000 வாட் திறனை ஓர் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். 220 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 11,000 வோல்ட்டில் அனுப்பினாலோ 2 ஆம்பியரே போதும். ஓட்டம் 50 மடங்கு குறைகின்றது. அதே கம்பியில் இழப்போ 2,500 மடங்கு குறைகின்றது! அனுப்பப்பட்ட திறன் மட்டும் மாறவில்லை. இவ்வாறு உயர்ந்த அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை ஊர்எல்லையில் தாழ்ந்த அழுத்தத்திற்கு மாற்றித் தருவது, மக்கள் டிரான்ஸ்பார்மர் என வழங்கும் மின்மாற்றியாகும்.

மின்மாற்றிக்கு அருகில் உள்ள வீடுகளில் விளக்கு ஒளியோடு எரிய, கடைசிக் கம்பத்து வீடுகளில் அது மங்கி எரிதலைச் சில ஊர்களில் காணலாம். தஞ்சை நாட்டு மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தலைமடை வயலில் வாய்க்கால் ததும்பி நிற்கும். கடைமடை வயலிலோ நீர் ஏறுவதில்லை. வழியெல்லாம் மட்டம் இறங்கிக்கொண்டே வருவதே காரணம். மின்கம்பியிலும் அவ்வாறே வழிநெடுக அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைகின்றது. குறுவைப் பருவத்தில் ஒரே வேளையில் பம்புசெட்டுகள் பலவும் இயங்குமாயின், கம்பியில் ஓட்டம் மிகுந்து அக்குறைவும் மிகும். கடைமடைப் பம்புசெட்டுக்குக் கிட்டுவது குறைந்த மின்னழுத்தமே.

இங்கே நாம் கருத்தூன்றி அறிய வேண்டுவது ஒன்று உண்டு. அழுத்தம் குறைந்தால் விளக்கு மங்குகின்றது. அதில் செல்லும் ஓட்டமும் குறைகின்றது. ஆனால் பம்புசெட்டின் மோட்டார் அத்தகையதன்று. கிணற்றின் ஆழம் குறையவில்லை; தூக்க வேண்டிய நீரும் குறையவில்லை. அவ்வேலையைச் செய்தே தீர வேண்டிய மோட்டார், அழுத்தத்தில் உள்ள குறையை ஓட்டத்தை மிகுதியாக இழுத்து ஈடு செய்ய முயல்கின்றது. 400 வோல்ட்டில் 8 ஆம்பியர் ஏற்ற மோட்டார், 320 வோல்ட்டில் அதே திறனைப் பெற 10 ஆம்பியர் ஏற்க வேண்டியதாகின்றது. அதன் சுருளில் தோன்றும் சூடோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். இந்நிலை நீடித்தால் சுருளின் காப்பு கருகி, 'காயில் எரிந்துவிட்டது' என்று உழவர் வருந்தும் இழப்பு நேர்கின்றது. 'வோல்டேஜ் குறைவுதானே, மெல்ல ஓடட்டும்' என்று விட்டுவிடுவோர், ஆம்பியர் கூடுதலை அறியாதவர். ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட்டைக் காட்டும் முள்ளும் ஆம்பியரைக் காட்டும் முள்ளும் தனித்தனியே அமைந்திருப்பதன் பயன் இதுவே. மின்னோட்டம் அளவு மீறியவுடன் தொடர்பைத் துண்டிக்கும் கருவியும் அப்பெட்டியில் உண்டு. அது தடுக்கும்போது அதனை வலிந்து கட்டிவைத்துவிட்டு மோட்டாரை ஓட்டுதல் அறியாமையாகும்.

இதுவரை நீரை உவமையாகக் கொண்டு பேசினோம். உவமைக்கும் பொருளுக்கும் உரிய பொதுத்தன்மையை மட்டுமே கொள்ளுதல் மரபு. பவளவாய் என்னுமிடத்துச் செந்நிறத்தைக் கொள்வோமேயன்றிக் கடினத்தைக் கொள்ளோம். அதுபோல் இங்கும் உவமையின் எல்லையை அறிதல் வேண்டும். கரை உடைந்தால் வாய்க்கால் நீர் வெளியே வழிந்தோடும். கம்பி அறுந்தால் மின்சாரம் அவ்வாறு வழிந்து கொட்டுவதில்லை. சென்று மீள்வதற்கு முழுமையான சுற்று அமைந்தாலன்றி மின்னோட்டம் நிகழாது. மேலும் நீர் ஒரே திசையில் ஓடுவது; நம் வீடுகளுக்கு வரும் மின்சாரமோ வினாடிக்கு 50 சுற்றுகளாக முன்னும் பின்னும் திசை மாறுவது. எனினும் உயரமும் ஓட்டமும் வேறு என்னும் அளவில் இவ்வுவமை பழுதற்றதே.

இனி இவ்விரு சொற்களையும் பயன்படுத்துங்கால் உடன்வரும் சொற்களை நோக்குவோம். மின்னோட்டம் ஒரு கம்பியின் 'வழியே' செல்வது. மின்னழுத்தம் இரண்டு இடங்களுக்கு 'இடையே' நிற்பது. மேட்டூர் நீர்மட்டம் 120 அடி என்றால், குறித்த ஒரு மட்டத்தைச் சுழியாகக் கொண்டு அதற்கு மேல் 120 அடி என்பதே பொருள். இரண்டாவது இடம் ஒன்று இல்லாமல் உயரம் என்பதற்குப் பொருளில்லை. 'இக்கம்பியில் 230 வோல்ட்' என்று கூறும்போதும், அக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் என்பதே கருத்து.

'இடையே' என்னும் இச்சிறு சொல்லின் ஆற்றலைக் கம்பியில் அமரும் குருவியிடம் காணலாம். அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. அக்கால்களுக்கு இடையே அழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆதலின் அதன் உடல் வழியே ஓட்டமும் இல்லை. குருவி நலமே பறந்து செல்கின்றது. ஆனால் அகன்ற சிறகுடைய பழந்தின்னி வௌவால் இரண்டு கம்பிகளை ஒருங்கே தீண்டிவிடுமாயின், அவற்றுக்கு இடையே உள்ள அழுத்தம் முழுவதும் அதன் உடலின்மேல் விழுகின்றது. அது மடிந்து தொங்குகின்றது. தரையில் நின்றுகொண்டு கம்பியைத் தொடும் மனிதனும் அவ்வௌவாலின் நிலையில் உள்ளவனே. ஈரம் படிந்த மனித உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்பர். 230 வோல்ட் அதன்மேல் விழுந்தால் கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டம் பாயும். ஒரு சிறு விளக்கிற்குரிய ஓட்டமே அது. ஆனால் நெஞ்சின் வழியே அதனிற் பாதி சென்றாலும் இதயத்தின் துடிப்பு நிலைகுலைந்து உயிர் நீங்கக்கூடும்.

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியற்காலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே 'கஜா' புயல் கரையைக் கடந்தது. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின்பணியாளர்கள் வயல் நீரில் நின்று கம்பம் நட்டு, கம்பி இழுத்து ஊர்களுக்கு ஒளி தந்தனர். மின்பணியாளர், கம்பியில் கை வைப்பதற்கு முன், மின்சாரத்தை நிறுத்துவதோடு அமையாமல் அக்கம்பியைத் தரையோடும் இணைத்துவிடுதல் முறை. கம்பிக்கும் தரைக்கும் இடையே அழுத்தமே எழாதபடி செய்வது அம்முறையின் நோக்கம்.

மழையும் காற்றும் மிகுந்த இந்நாட்டில், சிறு காற்றிலும் கம்பி அறுந்து சேற்று வயலில் விழுதல் நிகழக்கூடியதே. அக்கம்பியைத் தொடாமல் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுவர். அது போதாது. அழுத்தமுள்ள கம்பி ஈரநிலத்தில் கிடக்கும்போது, மின்னோட்டம் நிலத்தின் வழியே நாற்புறமும் பரவுகின்றது. கம்பி கிடக்கும் இடத்தில் நிலத்தின் அழுத்தம் மிகுதி; விலக விலக அது குறைந்துகொண்டே செல்லும். அந்நிலத்தில் ஒருவன் கால்களை அகல வைத்து நடப்பானாயின், ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு தோன்றி, அவன் உடல் வழியே ஓட்டம் பாயும். மாட்டிற்கு முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம். நெஞ்சு அவற்றின் நடுவே உள்ளது. ஆதலின் மனிதனினும் மாட்டிற்கு இடர் பெரிது. கம்பியைத் தொடாமலே ஏரோடு மாடு மடிவதன் காரணம் இதுவே.

அறுந்த கம்பி கண்ணிற்பட்டால் அணுகலாகாது. பிறரையும் ஆடுமாடுகளையும் அணுகவிடலாகாது. அருகில் இருக்க நேர்ந்தால், இரு பாதங்களும் ஒட்டியவாறு மிகச் சிறிய அடிகளாகப் பெயர்ந்து விலக வேண்டும்; ஓடலாகாது. உடனே மின்வாரிய அலுவலகத்திற்குச் செய்தி அனுப்ப வேண்டும். விளக்குகள் அணைந்திருத்தலைக் கண்டு 'கரண்டு இல்லை' என்று துணிதல் கூடாது. அங்கே இல்லாதது ஓட்டமாக இருக்கலாம், அழுத்தம் நிற்கக்கூடும்.

சொல்லுக்குச் சொல் பொருள் வேறுபாடு கண்டு ஓதுதல் இலக்கணப் பயிற்சிக்கு மட்டும் உரியது என்று கருதற்க. மேட்டூரின் அடியையும் கன அடியையும் பிரித்தறிந்து விதை தெளிக்கும் நாளைக் குறிப்பவர் நம் முன்னோர். அத்தெளிவோடு வோல்ட்டையும் ஆம்பியரையும் பிரித்தறிபவன் தன் பம்புசெட்டைக் காப்பான். தன் மாட்டைக் காப்பான். தன் உயிரையும் காப்பான்.